இரண்டாம் பாகம் அண்ணனிடம் இருக்கிறது

அண்ணே, மூன்றாம் பாகம் வந்துவிட்டது. நீ முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்த பிரதிதான். மேலே உன் பேர் ஒட்டித்தான் வந்தது. நான் முழுசாகப் படித்துவிட்டேன். எட்டாவதோடு நின்றவள் அவ்வளவு பெரிய புத்தகத்தைப் படித்தாள் என்றால் நீ நம்ப மாட்டாய். ஆனால் படித்தேன். கடலைப் பற்றியே பக்கம் பக்கமாக வருகிற இடங்களைத் தாண்டிவிடலாமா என்று யோசித்தேன். நீ எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய் என்பதால் தாண்டவில்லை.

இனி மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

என் அண்ணன் திருச்சுழியில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தான். எங்கள் பக்கம் எல்லாம் மானாவாரி நிலம். மழை பெய்தால்தான் உழவு, உழவு நடந்தால்தான் உரம். மழை இல்லாத மாதங்களில் உரக்கடையில் ஈ ஓட்டுவதுதான் வேலை. அண்ணன் ஈயை அதன் போக்கில் விட்டுவிட்டுப் புத்தகம் படித்தான். ஒரு வருடம் மழை சுத்தமாக ஏமாற்றிவிட்டது. அந்த வருடம்தான் அவன் அதிகம் படித்தான். சாப்பாட்டின்போது அதை அவனே பெருமையாகச் சொல்லிவிட்டான். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஊரே மழைக்கு வேண்டுது. இவன் ஒருத்தன் எதிர்த்து வேண்டிக்கிட்டு இருந்திருக்கான். பெறகு எங்கிட்டுப் பெய்யும்?" என்றார்.

அவனுக்குப் பிடித்த புத்தகங்களின் பேர் எனக்கு நிற்காது. அதனால் அவனே எனக்காக வேறு பேர் வைத்திருந்தான். ஒன்று 'வராத பேய்'. ஒரு வீட்டில் பேய் இருக்கிறது என்று எல்லோரும் பயப்படுவார்கள், கடைசிவரை பேய் வரவே வராது. வந்திருந்தால் புத்தகம் கெட்டுப்போயிருக்கும் என்பான். இன்னொன்று 'ஜெயில் நாய்'. ஆயுள் கைதி ஒருவன் ஜெயிலுக்குள் வந்த நாயை வளர்ப்பான், நாய்க்கு மட்டும் வெளியே போய் வர அனுமதி உண்டு. அதை எத்தனை தடவை படித்தாலும் ஒரே இடத்தில் மூக்கைச் சிந்துவான். கேட்டால் யூரியா மூட்டையின் காரம் என்பான்.

பிடிக்காத புத்தகங்களும் உண்டு. கிராமத்தைப் பற்றி அழகாக எழுதினால் அவனுக்கு ஆகாது. "எவனோ ஏசி பஸ்ஸுல போகும்போது சன்னல் வழியாப் பார்த்துட்டு எழுதிருக்கான். கருவேல முள்ளு ஒருத்தன் காலுலகூடக் குத்தல பாரு" என்று மூடி வைத்துவிடுவான்.

எல்லாவற்றையும்விடப் பிடித்தது கடல் கதை. மூன்று பாகமாக வரவேண்டியது. ஒரு மீனவக் குடும்பம், ஒரு படகு, அண்ணன் தம்பி சண்டை, ஒரு பெண். எங்கள் அண்ணன் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, ராமேஸ்வரத்தில். அதுவும் பெரியப்பாவின் பர்ஸ் தண்ணீரில் விழுந்து, எல்லோரும் குனிந்து அதைத் தேடிக்கொண்டிருந்ததால் சரியாகப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு, எந்த மாதம் எந்தக் காற்று, எந்த வலையில் எந்த மீன் என்று எங்கள் ஊர் டீக்கடையில் பேசுவான். எங்கள் ஊரில் மீன் என்றால் கண்மாய் வற்றும்போது சேற்றோடு பிடிக்கிற கெளுத்திதான். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.

முதல் இரண்டு பாகமும் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. மூன்றாம் பாகம் வரவில்லை. அந்த எழுத்தாளர் ஒவ்வொரு புத்தகக் கண்காட்சிக்கும் முன்னால் "இந்த முறை வரும்" என்று முகநூலில் எழுதுவார். கண்காட்சி முடிந்ததும் "அடுத்த முறை" என்று எழுதுவார். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒன்றுக்குக் காத்திருந்தோம். அப்பா மழைக்கு. நான் குமாரலிங்கபுரத்தில் வரப்போகிறது என்று சொன்ன ஜவுளிப் பூங்காவுக்கு. அங்கே வேலை கிடைத்தால் இப்போது போகிற பஞ்சு மில்லை விட்டுவிடலாம் என்று மில் பிள்ளைகள் எல்லோரும் பேசிக்கொள்வோம். அண்ணன் மூன்றாம் பாகத்துக்கு. அம்மா எதற்கும் காத்திருக்கவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் சோறு வடித்தாள்.

ஒருவழியாக அந்த எழுத்தாளர் அட்டைப் படத்தையே வெளியிட்டார். அட்டை வந்தால் உள்ளேயும் ஏதாவது இருக்கும் என்று அண்ணன் நம்பினான். அன்றைக்கே போனில் ஒரு பிரதிக்குப் பதிவு செய்தான். பிறகு எனக்குக் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். மூன்றாம் பாகம் வரும்போது பக்கத்தில் அதைப் பற்றிப் பேச ஆள் வேண்டும், வீட்டில் மிச்சம் இருந்த ஆள் நான்தான்.

கதை சொன்ன இடம் பைக். தினமும் காலையில் என்னைப் பின்னால் உட்காரவைத்து மெயின் ரோட்டில் மில் வேன் நிற்கிற இடம்வரை கொண்டுவந்து விடுவான். அங்கிருந்து அவன் கடைக்குப் போவான். வழியெல்லாம் கதை. அவன் முன்னால் பார்த்துச் சொல்வான், எனக்குப் பின்னால் பாதிதான் வந்து சேரும், மீதி காற்றில் போய்விடும். படகு கிளம்பியது கேட்கும், யார் ஏறினார்கள் என்பது கேட்காது. "யாரு? யாரு?" என்று முதுகில் குத்துவேன். வேகத்தடை வந்தால் மட்டும் வேகம் குறையும், அப்போது சொல்வதெல்லாம் முழுசாகக் கேட்கும். அதனால் முக்கியமான இடங்களை அவன் வேகத்தடைக்கு என்று ஒதுக்கி வைத்துக்கொண்டான். எங்கள் பாதையில் வேகத்தடைகள் குறைவு. எனக்குத் தெரிந்த கதையும் அந்த அளவுக்குத்தான்.

வரிசை மாற்றிச் சொல்ல மாட்டான். முந்தின நாள் தான் திரும்பப் படித்தது எதுவோ அதைத்தான் மறுநாள் சொல்வான். முடிவை முதலிலேயே சொல் என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். இரண்டாம் பாகத்தில் மூத்தவன் தனியாகப் படகை எடுத்துக்கொண்டு போகிறான், புயல் வருகிறது, படகு திரும்பவில்லை. அதுவரைக்கும் வந்திருந்தோம். "வருவானா மாட்டானா?" என்றேன்.

"நாளைக்குச் சொல்றேன், பிள்ள. வேன் வந்துருச்சு பாரு" என்றான்.

வேன் வந்துதான் இருந்தது. நான் ஏறிவிட்டேன். அவன் கடைக்குப் போகும் வழியில் ஓர் ஆடு குறுக்கே ஓடியது. அதன்மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்திருக்கிறான். தலையில் அடி. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது யாருடைய ஆடு என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கல்யாணம் ஆகாதவன் என்பதால் எங்கள் வழக்கப்படி புதைத்தார்கள். இறந்தவருக்குப் பிடித்ததைக் குழியில் கூட வைப்பது எங்கள் ஊரில் உண்டு. சீட்டாடினவருக்குச் சீட்டுக்கட்டு வைப்பார்கள், வெற்றிலை போட்டவருக்கு வெற்றிலைப் பெட்டி வைப்பார்கள். அண்ணனுக்கு என்ன வைப்பது என்று சித்தப்பா கேட்டார். அவரே உள்ளே போய் அவன் தலைமாட்டில் கிடந்த புத்தகத்தை எடுத்து வந்தார். அதற்குள் பஸ் டிக்கெட் ஒன்று அடையாளத்துக்குச் செருகியிருந்தது. படிக்கிற புத்தகத்தைத்தானே வைக்கவேண்டும் என்று சித்தப்பா நினைத்திருக்கிறார். அவர் நினைத்தது சரிதான். ஆனால் அது இரண்டாம் பாகம். அதுவும் அண்ணனுடையது இல்லை. கடைகளில் எங்கேயும் கிடைக்காததால் நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்தான். உள்ளே நூலக முத்திரை இருந்தது. சித்தப்பா உள்ளே பிரித்துப் பார்க்கவில்லை.

அவன் போனை அம்மா அணைக்கவே விடவில்லை. தினமும் சார்ஜ் போட்டு அடுப்படி அலமாரியில் வைப்பாள். ஒரு நாள் அது அடித்தது. கொரியர்க்காரர். நான் பக்கத்தில் இருந்தேன், அம்மாதான் எடுத்தாள். அண்ணன் பேரைச் சொல்லி, புத்தகம் வந்திருக்கிறது, ஆள் இருக்கிறாரா என்று கேட்டார்.

"இல்லப்பா" என்றாள் அம்மா.

"எப்ப வருவாருங்க?"

அம்மா போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள். பிறகு, "அவன் வரமாட்டான். நீங்க வாங்க" என்றாள்.

அண்ணன் கொடுத்திருந்த விலாசப்படி அவர் உரக்கடையில் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி அதை ஒரு கேரி பையில் போட்டு, வீட்டுக்கே நேரில் கொண்டுவந்து தந்தார். கடைக்கு அன்று கூட்டம் என்றும், உடனே போகவேண்டும் என்றும் சொல்லிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதற்குள் மழை பெய்திருந்தது. உழவு நடந்துகொண்டிருந்தது.

அம்மா அதை அண்ணன் படத்துக்கு முன்னால் வைத்தாள். ஒரு வாரம் அங்கேயே இருந்தது. பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். சித்தப்பா பார்த்துவிட்டு, "கவரக்கூடப் பிரிக்காம வச்சா அவன் எப்படிப் படிப்பான்?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. நான் பிரித்தேன். பிரித்தவள் சும்மா இருக்காமல் முதல் பக்கத்தைப் படித்தேன். அவனுக்கு இந்தக் கதை எப்படி முடிகிறது என்று தெரியவேண்டும், அதைச் சொல்ல என்னைவிட்டால் ஆள் இல்லை என்று அப்போதுதான் தோன்றியது.

முதல் பக்கத்தில் ஒருவன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். டீ போடுகிறவர் அவனைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே போட்டுவிடுகிறார். தெருவில் போகிறவர்கள் ஓடுகிறார்கள். பேர் பார்த்தால் படகில் போன மூத்தவன்தான். புயலில் போனவன் திரும்பி வந்தால் சந்தோஷப்படாமல் எதற்கு ஓடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. மூன்று பக்கம் படித்தும் புரியவில்லை. நடுவில் நான் கேட்காத கதை இருக்கிறது. அந்தக் கதை அண்ணனோடு போய்விட்டது.

மில்லில் லீவு சொல்லிவிட்டுத் திருச்சுழி நூலகத்துக்குப் போனேன். இரண்டாம் பாகம் இன்னொரு பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். நூலக மேடம் இடத்துக்குப் புதிது. பார்த்துவிட்டு, ஒரே ஒரு பிரதிதான், அதை ஒருவர் எடுத்துப்போய்த் திருப்பித் தரவில்லை என்றார். பேரைச் சொன்னார். எங்கள் அண்ணன் என்றேன்.

"அப்ப புத்தகம் எங்கம்மா?"

"அண்ணங்கிட்ட இருக்கு மேடம்."

"அவர எடுத்துட்டு வரச் சொல்லு."

"அவன் இறந்துட்டான் மேடம். புத்தகத்தையும் கூட வச்சுப் புதைச்சிட்டாக."

மேடம் பேனாவை வைத்துவிட்டார். "முழுப் புத்தகத்தையுமா?" என்று கேட்டார். கேட்ட பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அந்தப் புத்தகத்தைப் பற்றி என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தொலைந்தது என்று எழுதினால் பொய், எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

பேப்பர் படிக்கிற மேசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். அவரைப் பற்றி அண்ணன் சொல்லியிருக்கிறான். வளைகுடாவில் துறைமுகக் கிடங்கில் ரொம்ப வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய பாய். அவருடைய பாத்திரக்கடையை இப்போது மகன் பார்க்கிறார். பாய் நூலகத்தைப் பார்க்கிறார். கடல் கதையில் அண்ணனுக்குச் சமமான ஆள் இந்தத் தாலுகாவிலேயே இவர் ஒருவர்தான். இருவரும் சண்டை போடாத வாரம் இல்லை. மகள் வீட்டுக்குப் போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்ததால் அவருக்கு விஷயமே தெரியாது. இப்போது நான் மேடத்திடம் சொன்னதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகு, "ரெண்டாம் பாகத்துல எதுவரைக்கும் சொன்னான்?" என்று கேட்டார்.

"படகு திரும்பல. அதுவரைக்கும்."

"வாம்மா" என்று வெளியே சைக்கிள் விடுகிற தகரக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அங்கே நின்றபடியே மிச்சக் கதையைச் சொன்னார். காற்று இல்லாமல், ஒரு வார்த்தை விடாமல் நான் கேட்ட முதல் கதை அதுதான். புயலுக்குப் பிறகு கரையில் ஒரு பிணம் ஒதுங்குகிறது. முகம் தெரியவில்லை. மனைவி அரைஞாண் கயிற்றைப் பார்த்து இது அவர்தான் என்கிறாள். ஊரே கூடிப் புதைக்கிறது. தம்பி மண் போடுகிறான். அதோடு இரண்டாம் பாகம் முடிகிறது.

அண்ணனுக்கும் பாய்க்கும் சண்டையே இதில்தான். புதைத்தது வேறு யாரோ, மூத்தவன் கட்டாயம் வருவான், கடலைப் பற்றித் தனக்குத் தெரியும் என்பது பாயின் கட்சி. செத்தவன் செத்தவன்தான், அவன் திரும்பி வந்தால் புத்தகத்தைக் கண்மாயில் வீசுவேன் என்பது அண்ணன் கட்சி. இதைப் பாய்தான் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, "மூணாம் பாகம் இங்க எவன்கிட்டயும் இன்னும் வரல" என்று பெருமூச்சு விட்டார்.

"எங்ககிட்ட வந்துருச்சு பாய்."

பாய் என்னையே பார்த்தார். எவ்வளவு ஆசை இருந்தாலும் இந்த இடத்தில் கேட்கக் கூடாது என்று பொறுத்துக்கொண்டு நின்றார். நானே சொன்னேன். "மொதப் பக்கத்துல டீ குடிக்கிறான்."

"யாரு?"

"புதைச்சாகள்ல, அவன்தான்."

கட்சியில் ஜெயித்தவர் மாதிரி அவர் முகம் இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "மொதப் பக்கத்துலயா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு நான் தினமும் மில்லில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். விரலை வைத்து வரி வரியாக. மூத்தவன் எங்கே போயிருந்தான் என்பதற்கு ஒழுங்கான காரணம் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். பாதிக்கு மேல் வந்தது. பாறையில் மோதித் தலையில் அடிபட்டதாம். எல்லாம் மறந்துபோயிற்றாம். வேறொரு கரையில் யாரோ காப்பாற்றி வைத்துக்கொண்டார்களாம். பிறகு ஒரு நாள் நினைவு வந்ததாம். எங்கள் அண்ணனுக்கும் தலையில்தான் அடி. நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கை கழுவிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் திறக்கவில்லை. பிறகு மிச்சத்தையும் படித்தேன். கடைசியில் எல்லோரும் சமாதானம் ஆகிறார்கள். புதுப் படகு வாங்குகிறார்கள். அரைஞாண் கயிறு வேறொருவனுக்கு எப்படிப் போனது என்று யாரும் கேட்கவே இல்லை.

புத்தகத்தைப் பாயிடம் கொடுத்தேன். சீக்கிரமே படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "நாஞ் செயிச்சேன்னு இதச் சொல்ல முடியாதும்மா. இது கள்ள ஆட்டம்" என்றார். பிறகு புதுசாக வரப்போகிற வேறு புத்தகங்களைப் பற்றிப் பேசினார். வராத பேய் எழுதியவர் இன்னொன்று எழுதுகிறாராம், அதிலும் பேய் வராது என்று நம்புகிறாராம். வந்தால் எனக்கும் தருவதாகச் சொன்னார்.

அண்ணனிடம் சொல்வது பாக்கி இருந்தது. அம்மாவிடம் சொன்னேன், புத்தகம் நன்றாக இல்லை என்று. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நல்லா இருக்குன்னே சொல்லிட்டு வா. எத்தன வருசம் காத்துக் கெடந்தான். இனிமே அவனுக்கு எதுக்குக் கஷ்டம்?" என்றாள். ஆனால் அண்ணனிடம் பொய் சொல்ல முடியாது. ஒரு சினிமா நன்றாக இருக்கிறது என்று சொன்னால்கூட, எந்தக் காட்சி என்று கேட்பான்.

எங்கள் ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவது இல்லை. அப்பாவிடம் கேட்டேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். காலை வெயிலில் கண்மாய்க் கரை வழியாகப் போனோம். புதைத்த இடத்தில் மண் அமுங்கியிருந்தது. மழைக்குப் புல் முளைத்து, சில ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அப்பா கல்லை எடுத்து விரட்டினார். வழக்கத்தைவிடப் பெரிய கல். பிறகு தள்ளிப் போய் எனக்கு முதுகு காட்டி நின்றார்.

நான் உட்கார்ந்து சொன்னேன். நிறையச் சொல்லவேண்டும் என்று போனேன். டீக்கடை, தலையில் அடி, புதுப் படகு எல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான்.

"அவன் வந்துட்டான்ணே."

புத்தகம் நன்றாக இல்லை என்பதைச் சொல்லவே இல்லை. ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தேன்.

திரும்பி வரும்போது அப்பா, "என்ன சொன்ன?" என்று கேட்டார். மூத்தவன் திரும்பி வந்துவிட்டதைச் சொன்னேன் என்றேன். மூத்தவன் என்றதும் அவர் நின்றுவிட்டார். கதையில் என்று உடனே சொன்னேன். அண்ணனுக்கு அது பிடிக்காது, செத்தவன் திரும்பி வந்தால் அது கதையே இல்லை என்பான் என்றும் சொன்னேன். அப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடந்தார். கண்மாய் முடிகிற இடம் வந்த பிறகு, "கதைலயாச்சும் வந்துட்டுப் போறான். அதுல இவனுக்கு என்ன நட்டம்?" என்றார். இதற்குப் பதில் அண்ணனுக்குத் தெரிந்திருக்கும்.

புத்தகத்தைக் கண்மாயில் வீசவில்லை. கண்மாயில் இப்போது தண்ணீர் இருக்கிறது. புத்தகம் வீட்டில்தான் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, தொழுதாலும் சரி, ஒன்றும் கும்பிடாமல் சும்மா நினைத்துக்கொள்கிறவர்களாக இருந்தாலும் சரி. எங்கள் அண்ணன் நாற்பது என்ன, முப்பதுகூட ஆகாமல் போனவன். காத்திருந்த புத்தகம் இப்படி ஆகிவிட்டது என்று இப்போது அவனுக்குத் தெரியும், ஆத்திரத்தில்தான் இருப்பான். அந்த ஆத்திரம் ஆறவேண்டும், அவன் போன இடத்தில் அவனுக்கு நிம்மதி கிடைக்கவேண்டும் என்று எல்லோரும் அவனுக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள்.